வாஷருக்கும் பணம் ஒதுக்குங்கள்

வளரும் நாடுகளுக்கு நிதி தரும் அரசுகளுக்கும் வளர்ச்சி வங்கிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் நிலைத்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. அவற்றில் கடைசி இலக்கு நாடுகளுக்கு இடையிலான கூட்டுறவு. மற்ற பதினாறும் நிறைவேற வேண்டுமானால் இது நடந்தாக வேண்டும். இவற்றை நிறைவேற்ற வைத்த 2030 கெடு நெருங்கிவிட்டது. அந்தப் பதினேழாவது இலக்கைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். ஒரு அடிபம்பிலிருந்து தொடங்குகிறேன்.

1960களின் கடைசியில் இந்தியாவில் கடும் வறட்சி. யுனிசெஃப் துளையிடும் இயந்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தது. பாறை நிலத்திலும் ஆழ்துளைக் கிணறுகள் போட முடிந்தது. அவற்றின் மேல் வைத்த பம்புகளோ, ஒரு குடும்பம் புழங்குவதற்காக வடிவமைத்த வார்ப்பிரும்பு பம்புகளின் நகல்கள். காலையிலிருந்து இருட்டும்வரை ஊரே வரிசையில் நின்று அடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்? 1970களின் நடுவில் போய்ப் பார்த்தபோது பெரும்பாலானவை உடைந்து கிடந்தன. அதற்குப் பிறகுதான் இந்திய அரசும் யுனிசெஃபும் உள்நாட்டுத் தொழிற்சாலைகளும் ஒன்றாக உட்கார்ந்து இந்தியா மார்க் 2 என்ற பம்பை உருவாக்கின. அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் வரை அது போனது.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. பம்பின் அடியில், உருளைக்குள், ஒரு சின்ன வாஷர் இருக்கிறது. அது தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. மார்க் 2-வில் அதை மாற்ற, நிலத்துக்குள் இறங்கியிருக்கும் இரும்புக் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டி, கருவிகள், பழகிய ஆட்கள் எல்லாம் வேண்டும். அவர்கள் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். பின்னால் வந்த மார்க் 3-ல் குழாயை அகலமாக்கினார்கள். குழாயை அப்படியே விட்டுவிட்டு, கம்பியோடு சேர்த்து பிஸ்டனை மட்டும் உருவி எடுத்து, வாஷரை மாற்றி, திரும்ப இறக்கிவிடலாம். அதே ஊரில் இருக்கும் இரண்டு மூன்று பேரால் முடிகிற வேலை. பன்னாட்டு உதவி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நினைவுக்கு வருவது இந்த மாற்றம்தான். வெளியிலிருந்து வந்த பணமும் அறிவும் கடைசியில் அந்த ஊர்க்காரரின் கையில் போய்ச் சேர்ந்தன.

இப்படி எல்லா இடத்திலும் நடந்திருந்தால் இந்த மடலுக்குத் தேவையே இருந்திருக்காது. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு அடிபம்பு வேலை செய்யாமல் கிடப்பதாக 2009-ல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. போடுவதற்குப் பணம் கிடைக்கிறது, பழுதுபார்க்கக் கிடைப்பதில்லை. ஒரு நாடு ஒரு வகை பம்பைக் கொண்டுவருகிறது, இன்னொரு நாடு வேறு வகையை. உதிரிப்பாகம் எங்கே வாங்குவது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் ஐந்தாவது ஆண்டு வருவதில்லை.

வங்கதேசத்தையும் சொல்ல வேண்டும். குளத்து நீரைக் குடித்து குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்த காலத்தில், 1970களிலிருந்து, வெளிநாட்டு உதவியோடு அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. 1993-ல்தான் அது தெரியவந்தது. பிறகு ஒவ்வொரு பம்பாகச் சோதித்து, நஞ்சுள்ள பம்பின் வாய்க்குச் சிவப்பு, நல்ல பம்புக்குப் பச்சை என்று சாயம் பூசினார்கள். அதுவரை தன் குழந்தைக்கு நல்ல தண்ணீர் என்று நம்பிக் கொடுத்த பம்பில் சிவப்பு பூசுவதைப் பார்த்து நின்ற தாயை நினைத்துப் பாருங்கள்.

அதே வங்கதேசத்தில், 1980களில், பிராக் என்ற அந்நாட்டுத் தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கரைசல் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. தாய்மார்கள் பிறகு எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருந்தார்களோ, அதைப் பொறுத்து ஊழியர்களுக்குக் கூலி. இதற்கும் வெளிநாட்டுப் பணம் வந்தது. ஆனால் நடத்தியவர்கள் அந்த மண்ணின் மக்கள், பேசியது அவர்கள் மொழியில்.

சரி, பணத்துக்கு வருகிறேன். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவிக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-ல் சொன்னது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற சில நாடுகள்தான் அதை எட்டியிருக்கின்றன. வளரும் நாடுகள் பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பதற்கான நிதியாக 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தீர்கள். உங்கள் கணக்குப்படியே அது நிறைவேறியது 2022-ல். அதில் அரசு நிதியின் பெரும்பகுதி கடன். வெள்ளத்தை உண்டாக்கியதில் பங்கே இல்லாத ஒரு நாடு, வெள்ளத்துக்குக் கரை கட்ட வட்டிக்குப் பணம் வாங்குவது நியாயமா?

2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது பல நாடுகளில் மருத்துவ மையங்கள் மூடப்பட்டன, சுகாதார ஊழியர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். உதவியைக் குறைப்பது உங்கள் உரிமை என்பீர்கள். குறைப்பதானாலும் முன்கூட்டியே சொல்லி, படிப்படியாகக் குறையுங்கள். சிகிச்சையில் இருக்கும் நோயாளிக்கு மருந்தை நடுவில் நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய தொகை மட்டுமல்ல. திட்டம் முடிந்த பிறகும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு பராமரிப்புச் செலவையும் அதைச் செய்கிறவரின் சம்பளத்தையும் திட்டத்திலேயே சேர்த்து எழுதுங்கள். பெறும் நாட்டின் சொந்த அமைப்புகள் வழியாகவே செலவு செய்யுங்கள். வளர்ச்சி உதவியைப் பயனுள்ளதாக்குவது பற்றி 2005-ல் பாரிஸ் பிரகடனத்தில் ஒப்புக்கொண்டதும் அதுதானே. ஒவ்வொரு நிதியாளரும் தனித்தனி அறிக்கை கேட்டு, அங்குள்ள அதிகாரிகளின் நேரத்தைத் தின்னாதீர்கள். எல்லோரும் ஒரே அறிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், சோதனை முடிவுகளையும் ஒப்பந்தங்களையும் அந்த மக்கள் படிக்கும் மொழியில் வெளியிடுங்கள்.

அடுத்த ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும்போது, எட்டாவது ஆண்டில் அந்த வாஷரை யார் மாற்றுவார், அவருக்குக் கூலி எங்கிருந்து வரும் என்று அதில் இருக்கிறதா எனத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அதை எழுதிச் சேர்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாக்குறுதிகளை நம்பிக் காத்திருப்பவர்களில் ஒருவர்