கல்லூரியோடு புலம்பெயர்ந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகதி மாணவர்களின் உயர்கல்விக்குத் தீவிர மொழிப் பயிற்சியைப் பரிந்துரைத்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1956ஆம் ஆண்டு, சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான மக்கள் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது ஹங்கேரியை விட்டு வெளியேறிய மாணவர்களைப் பற்றிப் பேசுமிடத்தில், பின்னாளில் கணினிச் சில்லுகள் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆண்ட்ரூ குரோவை மட்டுமே கட்டுரையாளர் சான்றாகக் காட்டியிருக்கிறார். இருபது வயதில் அமெரிக்கா சென்று, நியூயார்க் சிட்டி கல்லூரியில் வேதிப்பொறியியல் பயின்று 1960இல் பட்டம் பெற்ற அவருடைய வாழ்க்கை வியப்புக்குரியதுதான். ஆனால் அத்தகைய ஒருவரையே அளவுகோலாகக் கொண்டால், சராசரி மாணவனுக்கு என்ன உதவி தேவைப்பட்டது என்பது நம் கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது.

வனவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் ஹங்கேரியின் சோப்ரோன் நகர மாணவர்களின் வரலாற்றில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய அந்நகரின் வனவியல் கல்லூரியைச் சேர்ந்த மாணவர்களும் ஆசிரியர்களும், நவம்பர் 4ஆம் தேதி சோவியத் படைகள் மீண்டும் தாக்குதல் தொடுத்ததையடுத்து, பெருந்திரளாக எல்லையைக் கடந்தனர். கல்லூரித் தலைவர் கால்மான் ரோலர், ஒவ்வொரு மாணவனுக்கும் தனித்தனியே இடம் தேடாமல், அனைவரையும் ஒரே நிறுவனமாக ஏற்க இயலுமா என்று பல நாடுகளுக்கு எழுதிக் கேட்டார். கனடா இசைந்தது. சுமார் 200 மாணவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் ஏற்க வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் முன்வந்தது. (மரத்தொழிலை நம்பியிருந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு வனவியல் அறிந்தோர் தேவைப்பட்டனர் என்பதையும், பனிப்போர்ச் சூழல் இவர்களுக்குச் சாதகமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.)

1957 ஜனவரியில் வந்து சேர்ந்தவர்களை நேரே வகுப்பறைக்கு அனுப்பிவிடவில்லை. பவல் ரிவர் என்னும் காகித ஆலை ஊரில் அவர்கள் சில மாதங்கள் தங்கி, ஆங்கிலத்தையும் அந்நாட்டு நடைமுறைகளையும் கற்றனர். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் பல்கலைக்கழகத்தில் சோப்ரோன் பிரிவு தொடங்கியபோது, அவர்களுடைய பழைய பேராசிரியர்களே ஹங்கேரிய மொழியில் பாடம் நடத்தினர். இதை வெறும் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. ஓக், பீச் மரங்கள் நிறைந்த, தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கப்பட்ட காடுகளில் பயின்றவர்கள், மனிதன் நட்டு வளர்க்காத டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் ஆகிய ஊசியிலை மரங்களின் மாபெரும் காடுகளுக்கு வந்திருந்தார்கள். மர இனங்கள், அவற்றின் வளர்ச்சிக் கணக்கு, வெட்டும் முறை, கருவிகள் என அனைத்தும் மாறிவிட்ட நிலையில், பாடமொழியையும் அன்றே மாற்றியிருந்தால், அறிவில் குறையில்லாத பலர் தேர்வில் தோற்றிருப்பார்கள் என்றே நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில் பார்ட் கல்லூரி, 300க்கும் மேற்பட்ட ஹங்கேரிய மாணவர்களுக்கு ஒன்பது வாரங்கள் ஆங்கிலப் பயிற்சி அளித்தது. பின்னர் அவர்கள் வெவ்வேறு கல்லூரிகளுக்குப் பிரிந்து சென்றனர். அதுவும் நற்பணியே. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் தீவிர மொழிப் பயிற்சி ஏறத்தாழ இந்த வழியைச் சார்ந்தது. ஆனால் அவ்வாறு பிரிந்து சென்ற மாணவனுக்குப் பாடத்தில் எழும் ஐயத்தைத் தன் மொழியில் கேட்டுத் தெளிய அருகில் யாரும் இருப்பதில்லை.

சோப்ரோன் ஏற்பாட்டிலும் ஒரு குறை இருந்தது. புதிய மாணவர்களைச் சேர்க்காததால், 1961இல் கடைசி அணி பட்டம் பெற்றதும் அப்பிரிவு முடிவுக்கு வந்தது. பட்டதாரிகள் ஆங்கிலத்தில் தேறி வேலைகளுக்குச் சென்றுவிட, பேராசிரியர்களில் சிலருக்கே அப்பல்கலைக்கழகத்தில் தொடர இடம் கிடைத்தது. ஆகவே, இன்று அகதி மாணவர்களுக்கான திட்டங்களைப் பற்றி எழுதுவோர், முதலாண்டிலேயே மொழித்தேர்வைக் கட்டாயமாக்குவது சரியா என்பதோடு, அவர்களோடு வரும் ஆசிரியர்களின் நிலை என்ன என்பதையும் ஆராய வேண்டும். தங்கள் கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில் இவ்விரண்டுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வனவியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்