நிலைக்கால் அடியில ஸ்கர்ட்டிங் சேர்ற இடத்தையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ல இருந்து எழுதுறேன். உங்க பேப்பர்ல வீடு கட்டுறவங்களுக்காக வர்ற பக்கத்த விடாம படிக்கிறேன், கம்பி சிமெண்ட் கடன்னு எல்லாம் வருது, ஆனா சுவரடியில தரைய ஒட்டி பட்டையா ஓடுற ஸ்கர்ட்டிங் பத்தி ஒரு வரி கூட நான் பாக்கல.

போன வருஷம் வீடு முடிச்சோம். ஹால்ல 4 இஞ்ச் டைல்ஸ் ஸ்கர்ட்டிங், உள் ரூம்ல மரச்சட்டம். டைல்ஸ் கனம் 8 மில்லிமீட்டர்தான், ஆனா பூசி முடிச்ச சுவர் மேலயே கலவைய அப்பி ஒட்டுனதுல மொத்தம் முக்கால் இஞ்ச் வெளிய வந்துருச்சு, கதவு நிலைய சுத்தி அடிச்ச மரப்பட்டை, அதான் பீடிங், அதுவோ அரை இஞ்ச்தான், அப்ப மிச்சம் கால் இஞ்ச் டைல்ஸ் விளிம்பு கத்தி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. அம்மா ராத்திரி எந்திரிச்சு போறப்ப சுண்டுவிரல் கிழிஞ்சு ரெண்டு தையல் போட்டோம். மேஸ்திரிகிட்ட சொன்னா வெள்ளை சிமெண்ட் வெச்சு பூசிட்டுப் போயிட்டாரு, ஐப்பசி மழை முடியறதுக்குள்ள அதுவும் உதிர்ந்துருச்சு.

அப்புறம் பனைக்குளத்துல இருந்து ஒரு வயசான ஆசாரி வந்தாரு. பீடிங்க அடியில 5 இஞ்சுக்கு அறுத்து எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு இஞ்ச் கனத்துல வெறும் கட்டை வெச்சாரு. மேல இருந்து பீடிங் வந்து அது தலையில உக்காருது, பக்கத்துல ஸ்கர்ட்டிங் வந்து முட்டி நிக்குது, கட்டை ரெண்டையும் விட தடியா இருக்கதால எந்த விளிம்பும் வெளிய தெரியல. டைல்ஸ் முடிஞ்சு மரம் ஆரம்பிக்கிற இடமும் கதவ சாத்துனா கதவுக்கு அடியில வர்ற மாதிரி பாத்துக்கணும்னாரு.

மூலைக்கு எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு 45 டிகிரி வெட்டுறாங்க, சுவர் மூலைமட்டத்துக்கு, அதாவது சரியா 90 டிகிரியில இருந்தாத்தான அது சேரும்? இவரு என்ன பண்ணாருன்னா, ரெண்டு சுவரையும் ஒட்டி அந்தந்த சட்டத்தையே தரையில வெச்சு வெளிப்பக்கமா பென்சில் கோடு இழுத்தாரு, ரெண்டு கோடும் வெட்டிக்கிற புள்ளியில இருந்து சுவர் மூலைக்கு ஒரு கோடு, அந்த சாய்வுலதான் அறுத்தாரு. ஒரு சட்டம் தடியா ஒண்ணு சன்னமா இருந்தாலும் இதுல சரியா வந்துருது, பக்கத்துல இருந்து பாத்தேன், இடுக்குல நகம் கூட போகல.

நம்ம கடற்கரையில இன்னும் கவனம் வேணும் சார். சாதா ஆணி உப்புக்காத்துல துருப்பிடிச்சு பெயிண்ட்ல பழுப்பா வழியுது, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூதான் போடணும். மரத்துக்கு பின்பக்கமும் பெயிண்ட் அடிச்சு தரையில இருந்து ரெண்டு மில்லிமீட்டர் தூக்கி அடிக்கணும், இல்லைன்னா போர் தண்ணிய வெச்சு வீடு தொடைக்கிறப்ப அந்த உப்புத்தண்ணிய கீழ இருந்து உறிஞ்சி ஊதிப்போகும்.

டைல்ஸ் ஸ்கர்ட்டிங் போடுறவங்க பூச்சு நடக்கையிலயே அடி 4 இஞ்ச பூசாம விடச்சொல்லிட்டா எங்களுக்கு வந்த இந்த பிரச்சனையே வராது. எங்ககிட்ட அத அப்ப யாரும் சொல்லல. அதனால அடுத்து வர்ற ஏதாவது ஒரு வாரம் அரைப்பக்கமாவது ஒதுக்கி, நல்லா வேலை தெரிஞ்ச ஒரு ஆசாரியையும் டைல்ஸ் மேஸ்திரியையும் கேட்டு, படம் போட்டு இத வெளியிடுங்க.

இப்படிக்கு,
வாசகர், மண்டபம்