ஆண்டறிக்கை 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வந்திருக்கும் மன்ற அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது திரைப்பட ரசனை மன்றத்தின் 2023–24ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

மாதாந்திரத் திரையிடல்கள் ஒழுங்காக நடைபெற்றன. டிசம்பர் பெருமழையில் தள்ளிப்போன காட்சி ஜனவரியில் நடத்தப்பட்டது. கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கான படங்கள் காட்டப்பட்டன. நிர்வாகக் குழு விதிப்படி கூடியது. நூலகத்துக்குச் சில நூல்கள் வாங்கப்பட்டன. ஒலிபெருக்கி பழுது நீக்கப்பட்டது. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்கு மன்றம் அஞ்சலி செலுத்துகிறது.

இனி, இவ்வாண்டின் முதன்மைப் பணியான 'மாக்பெத்' வரிசை பற்றி. நிர்வாகக் குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்', சூனியக்காரிகளின் ஆரூடத்தை நம்பி, மனைவி தூண்ட, அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறி அழியும் ஸ்காட்லாந்துத் தளபதியின் கதை. அந்த ஒரே நாடகத்திலிருந்து பிறந்த படங்களை அடுத்தடுத்த மாதங்களில் காட்டி, பார்வையாளர்களைப் பேச வைப்பதுதான் திட்டம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1957இல் அந்தக் கதையை ஜப்பானியக் கோட்டைக்குள் கொண்டுபோன படம் முதலில். விஷால் பரத்வாஜ் 2003இல் மும்பை நிழலுலகத்தில் நடத்திக் காட்டிய இந்திப் படம் 'மக்பூல்' அடுத்து. திலீஷ் போத்தன் இயக்கி, ஷ்யாம் புஷ்கரன் எழுதி, 2021 ஏப்ரல் 7 அன்று வெளியான மலையாளப் படம் 'ஜோஜி' மூன்றாவது.

"ஆங்கிலேயன் நாடகம் நமக்கெதற்கு?" என்று கேட்டவர்களுக்குக் குழுவில் சொன்ன பதிலை இங்கும் பதிவு செய்கிறேன். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்த'னாகவும், 'மாக்பெத்'தை 'மகபதி'யாகவும் தமிழ் மேடைக்குத் தந்தவர். நூறாண்டுக்கு முன்னரே நம் மேடைக்கு வந்து பழகிய நாடகம் இது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடுமையானது. 'ஜோஜி' திரையரங்குக்கு வராமல் நேராக ஓ.டி.டி. எனும் இணையத் திரைத் தளத்தில் வந்த படம். கைப்பேசியிலேயே கிடைக்கிற படத்துக்கு மண்டப வாடகை, திரையிடும் கருவி வாடகை, அனுமதிக் கடிதப் போக்குவரத்து எல்லாம் எதற்கு என்றார்கள். அதனால்தான் இந்தப் படத்தைத் தேர்ந்தேன் என்பதே என் பதில். துன்பியல் நாடகம் கூட்டத்துக்காக எழுதப்பட்டது. கூட்டத்தின் மூச்சும் மௌனமும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். அப்படிப்பட்ட கதை ஒன்று கூட்டத்தையே பார்க்காமல் வீடு வீடாகத் தனித்தனியே பார்க்கப்பட்டு முடிந்துபோயிற்று. அதற்கு ஒரு கூட்டத்தைக் கொடுப்பது நம்மைப் போன்ற மன்றத்தின் வேலை இல்லையென்றால் வேறு எதுதான் வேலை?

அதிலும் இந்தப் படத்துக்கு நம்மூரை விடப் பொருத்தமான பார்வையாளர்கள் வெளியே கிடைப்பது அரிது. கதை நடப்பது கோட்டயம் மாவட்டத்து எருமேலிப் பக்கம், ரப்பர் தோட்டத்தின் நடுவே நிற்கும் ஒரு பெரிய வீட்டில். கன்னியாகுமரி மாவட்டத்து நமது தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவைதான். ரப்பர் பால், ஒட்டுப்பால், ஷீட் விலை, அப்பன் பெயரில் கிடக்கும் பத்திரம், இவற்றையெல்லாம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மலையாளமும் பெரும்பாலோருக்குப் புரியும். தமிழ்த் துணைத் தலைப்பு இல்லை என்று நாகர்கோவில் பக்கத்து உறுப்பினர்கள் சிலர் குறைப்பட்டார்கள். அவர்களுக்காகவே கதைச் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு வாசலில் கொடுத்தோம்.

'மக்பூல்' காட்டிய அன்று சூனியக்காரிகளுக்குப் பதிலாக ஓம் புரியும் நசீருதீன் ஷாவும் போலீஸ்காரர்களாக வந்து ஜாதகக் கட்டம் போட்டபோது மண்டபமே உற்சாகமாயிற்று. 'ஜோஜி'யில் அந்த வசதியும் இல்லை. ஜோசியம் கிடையாது, சூனியம் கிடையாது. பனச்சேல் குட்டப்பன் என்ற உடல் வலிமை மிக்க முதியவர். மூன்று மகன்கள். கடைக்குட்டி ஜோஜி, பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு வீட்டில் இருப்பவன். குளத்தில் இறங்கி வேலை செய்துகொண்டிருந்த குட்டப்பன் பக்கவாதத்தில் விழுகிறார். அவர் போய்விடுவார் என்று வீடே காத்திருக்கும்போது தேறத் தொடங்குகிறார். அங்கிருந்துதான் ஜோஜி மாத்திரைகளில் கைவைக்கிறான்.

படம் முடிந்ததும் சிறிது நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பேச்சைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர். இதைத் துன்பியல் என்றே ஏற்க முடியாது என்றார். மாக்பெத் முதலில் போர்க்களத்து வீரன், அரசனின் நன்மதிப்பைப் பெற்றவன், அந்த உயரத்திலிருந்து விழுவதால்தான் நமக்கு நெஞ்சு பதறுகிறது. ஜோஜி எந்த உயரத்திலிருந்து விழுகிறான் என்று கேட்டார். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் துன்பியலுக்கு வகுத்த இலக்கணத்தை அழகாக எடுத்துச் சொன்னார்.

அதற்கு மறுமொழி வந்தது பின்வரிசையிலிருந்து. பொறியியல் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர், மன்றத்துக்குப் புதியவர். "டீச்சர், விழுறதுக்கு உயரமே தராத வீடுகளும் இருக்கு" என்றார். அப்பன் வளர்ந்த மகனின் கழுத்தைப் பிடித்து அழுத்துகிற காட்சியை நினைவுபடுத்தி, அந்தக் கை அதற்கு முன்பும் எத்தனையோ முறை அந்தக் கழுத்தில் இருந்திருக்கும் என்பது பார்த்தவுடன் தெரிகிறதே என்றார். கொலையை அவர் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பரிதாபம் வந்தது, அதை மறைக்க மாட்டேன் என்றார். ஆசிரியை அதை மறுக்கவில்லை. பரிதாபம் வந்த பிறகு இலக்கணத்தைப் பற்றி என்ன பேசுவது என்று தலைவர் அவர்கள் அப்போது குறிப்பிட்டது மிகப் பொருத்தமாக இருந்தது.

விளை, அதாவது ரப்பர் தோட்டம், வைத்திருக்கும் பெரியவர்களின் கோணமே வேறு. அவர்கள் பக்கம் முழுவதும் குட்டப்பனோடு நின்றது. "அந்த மனுசன் மண்ணுல எறங்கி நின்னதாலதான் அந்தச் சொத்து நிக்குது சாரே. பயலுவ கைக்குப் போயிருந்தா எப்பமோ வித்துத் தின்னிருப்பானுவ" என்றார் ஒருவர். உடனே அவருடைய மகன், அவரும் மன்ற உறுப்பினர், எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். நாடகத்தில் டங்கனைக் கொல்வது விருந்தினனாக வந்த அரசனைக் கொல்வது. இங்கே அப்பனையே கொல்வது. நம்மூரில் எது அதிகம் உறைக்கும் என்பதை அந்தத் தந்தையும் மகனும் இருந்த நிலையே காட்டியது.

ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் சொன்னது அன்றைய பேச்சிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. விடிவதற்கு முன் தலையில் விளக்கோடு மரத்துக்கு மரம் போகிறவர் அவர். ரப்பர் விளைக்குள் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை, ஒரே நிழல், வெளியே போகும் வழி எது என்று ஒரு கணம் குழம்பும். படத்தில் அந்த வீடும் அப்படித்தான் இருக்கிறது என்றார். ஷைஜு காலிதின் ஒளிப்பதிவைப் பற்றி எத்தனையோ விமரிசனங்கள் வந்திருக்கின்றன. இந்தக் கோணத்தில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பெண்கள் பேசியது பின்ஸியைப் பற்றி. நடுமகனின் மனைவி, உண்ணிமாயா பிரசாத் நடித்த பாத்திரம். லேடி மாக்பெத் பக்கம் பக்கமாகப் பேசிக் கணவனைத் தூண்டுகிறாள். பின்ஸி அநேகமாகப் பேசுவதே இல்லை. கண்டும் காணாமல் இருக்கிறாள், அவ்வளவுதான். அது ஆசையா அலுப்பா என்பதில் கருத்து வேறுபட்டது. ஒரு பெண்ணின் நாள் முழுவதையும் அடுக்களைக்குள் அடைத்து வைத்த வீட்டை அவள் காப்பாற்ற வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கலாம் என்று ஓர் உறுப்பினர் கேட்டபோது ஆண்கள் வரிசையில் பதில் இல்லை. இறப்பு வீட்டில் முகத்தைக் காட்டத் தயங்கும் ஜோஜியிடம் முகக்கவசம் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள் பின்ஸி. கொரோனாக் காலத்துக் கதை என்பதால் அந்தக் கவசம் இயல்பாக வந்துவிடுகிறது. முதல் அங்கத்தின் கடைசியில் பொய் நெஞ்சு அறிந்ததைப் பொய் முகம் மறைக்கட்டும் என்று மாக்பெத் சொல்வதை ஆங்கில ஆசிரியை அப்போது எடுத்துக் காட்டினார். படத்தைத் துன்பியல் இல்லை என்று தொடங்கியவரே அதற்கும் நாடகத்துக்குமான மிக நெருங்கிய இழையைக் கண்டுபிடித்துத் தந்தார்.

மூத்த உறுப்பினர் ஒருவர் மலையாள இயக்குநர் கே.ஜி. ஜார்ஜின் 1985ஆம் ஆண்டுப் படமான 'இரகள்' பற்றிப் பேசினார். அதுவும் ரப்பர் பணத்தில் ஊறிய குடும்பம், அதிலும் கொலைகாரனாவது இளைய மகன். அதில் தந்தையாக நடித்த திலகனின் மகன் ஷம்மி திலகன் 'ஜோஜி'யில் மருத்துவராக வருகிறார். படத்தின் வேர் ஸ்காட்லாந்தில் பாதி, கோட்டயத்தில் பாதி என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

முடிவைப் பற்றித்தான் நீண்ட வாதம். மாக்பெத் வாள் பிடித்துச் சாகிறான். ஜோஜிக்கு அந்தச் சாவும் கிடைப்பதில்லை. தன்னைச் சுட்டுக்கொண்டும் உயிர் போகாமல், அப்பன் கிடந்ததைப் போலவே அசைவற்றுக் கிடக்கிறான், கண் மட்டும் இமைக்கிறது. தன் சாவுக்குச் சமூகம்தான் காரணம் என்று எழுதி வைத்தவனுக்கு அந்தச் சமூகமே மருந்து கொடுத்து உயிரோடு வைத்திருக்கிறது. இது தண்டனை என்றார்கள் பலர். திருந்துவதற்கு இன்னொரு வாய்ப்பு என்றார் ஓர் உபதேசியார். மண்டபக் காவலர் விளக்கை அணைக்க வந்து நின்ற பிறகும் பேச்சு ஓயவில்லை. வாசலில் நின்று தொடர்ந்தது. இந்தப் படத்தை வீட்டில் தனியாகப் பார்த்து, மெதுவாகப் போகிறது என்று பாதியில் நிறுத்தியிருந்த இருவர், இன்றுதான் முழுதாகப் பார்த்தோம் என்று என்னிடம் சொன்னார்கள். குழுவில் எழுந்த ஆட்சேபத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இத்தகைய மாலையில் வராத உறுப்பினர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர்ப் பதிவேட்டில் இருப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே வந்திருந்தார்கள். மண்டபத்தை நிறைத்தவர்கள் உறுப்பினர் அல்லாதவர்கள். அழைப்பு கிடைக்கவில்லை என்று பிறகு சிலர் கூறினார்கள். வாட்ஸ்அப் குழுவில் முந்தின வாரமும் முந்தின நாளும் செய்தி போனது. மேற்குப் பகுதி உறுப்பினர்களுக்குத் தொலைபேசியிலும் சொல்லப்பட்டது. தேர்வு சரியில்லை என்று பின்னர் குறை சொன்னவர்களில் எவரும் தேர்வு செய்த கூட்டத்துக்கு வரவில்லை. மன்றம் தொடங்கிய நாளில் முன்வரிசையில் அமர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் பலமுறை நினைவூட்டியும் முன்னேற்றம் குறைவு. சென்ற ஆண்டு நிலுவையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. கூலி வேலை செய்யும் உறுப்பினர்கள் சித்திரை மாதமே கட்டிவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை சந்தா, நன்கொடை, நுழைவு நன்கொடை ஆகியவை வரவு. மண்டபம், கருவி வாடகை, அச்சு, தேநீர் ஆகியவை செலவு. 'மாக்பெத்' வரிசைக்கு ஒதுக்கியதைவிடச் சற்றுக் கூடுதலாகச் செலவானது உண்மை. அந்தக் கூடுதல் அந்தத் திரையிடல்களில் வந்த நன்கொடையால் பெரும்பாலும் ஈடாயிற்று. கையிருப்பு சிறிதளவு உள்ளது. தணிக்கை செய்யப்பட்ட விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, விரும்புவோர் பார்வையிடலாம்.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், மண்டபம் தந்து உதவிய நிர்வாகத்தினர், ஒலி ஒளி அமைத்தவர், தேநீர் வழங்கிய சகோதரிகள், அறிவிப்புப் பலகை எழுதிய மாணவர்கள் அனைவருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டில் கிரேக்கத் துன்பியலை எடுத்துக்கொள்ள எண்ணம். சோஃபோகிளிசின் 'ஆன்டிகனி'யை கனடாவின் இன்றைய மொன்றியலில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதையாக மாற்றி, சோஃபி தெராஸ்ப் 2019இல் எடுத்த படம் இருக்கிறது. சகோதரனுக்காகச் சட்டத்தை மீறும் பள்ளிச் சிறுமியின் கதை. ஓடிவந்து குடியேறியவர்களின் கதை நம் மாவட்டத்து அகதி முகாம்களில் இருப்பவர்களுக்கும் நெருக்கமானது; அவர்களையும் அழைக்க வேண்டும் என்பது என் விருப்பம். பிரெஞ்சு மொழிப் படம் என்பதால் தமிழில் துணைத் தலைப்பு நாமே தயாரிக்க வேண்டும், அனுமதியும் பெற வேண்டும். மொழிபெயர்க்க இரண்டு உறுப்பினர்கள் முன்வந்திருக்கிறார்கள். பணம் மட்டும் இப்போதைய கையிருப்பில் போதாது. நிலுவைச் சந்தா முழுவதும் வந்தால் வெளியே யாரிடமும் கேட்காமல் நடத்திவிடலாம். வராவிட்டால் இந்தத் திட்டத்தைக் கைவிட்டு, செலவில்லாத படங்களோடு நிறுத்திக்கொள்ள நேரும். செயலாளர் பொறுப்பில் தொடர்வது பற்றிய என் முடிவும் இதை ஒட்டித்தான் இருக்கும் என்பதைப் பொதுக்குழு அறிய வேண்டும். ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் வாசலுக்கு வலப்புற மேசையில் இருக்கிறார். தேநீர் இடைவேளையிலும் கூட்டம் முடிந்த பிறகும் செலுத்தலாம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்