கடல் எப்போது வெள்ளநீரை உள்வாங்காது என்பது முன்கூட்டியே தெரியும்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் தினமும் செய்தியாகிறது. அதே நாளில், அந்த ஏரியிலிருந்து திறக்கும் நீர் கடலில் கலக்கும் அடையாறு முகத்துவாரத்தில் கடல்மட்டம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. ஊர் மூழ்கிய பிறகு ‘கடல் தண்ணீரை உள்வாங்கவில்லை’ என்கிறார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் இதே பேச்சுதான். கடல் ஏதோ கோபித்துக்கொண்டது போல!

சென்னையில் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த வித்தியாசம் ஏறக்குறைய 1 மீட்டர். இதற்கான அட்டவணை ஆண்டு தொடங்கும் முன்பே கிடைக்கும். புயல் வந்தால், காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைவதற்குச் சுமார் 1 செ.மீ. வீதம் கடல் உயரும். கரை நோக்கி வீசும் காற்று இன்னும் குவிக்கும். போதாக்குறைக்கு, உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, 2006க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகம்.

வங்கதேசக் கரையில் எழுவதுபோல் இங்கே கடல் பல மீட்டர் எழுவதில்லை. அலட்சியத்துக்கு அதுவே காரணம். தட்டையான ஆற்றைக் கெடுக்க அரை மீட்டர் போதும். கடைசி 5 கி.மீ.யில் நீர்மட்டச் சரிவு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடல் அரை மீட்டர் உயர்ந்தால் சரிவு பாதியாகிறது. அதே ஆழத்தில் ஓடும் நீரின் அளவு சுமார் 30 விழுக்காடு குறைகிறது. பழைய அளவே வடிய வேண்டுமானால் ஆழம் ஏறக்குறைய கால்பங்கு கூட வேண்டும். அந்தக் கால்பங்கு, கரையோர வீடுகளுக்குள்தான் நிற்கும்.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் ஆற்று வெள்ளம், நூறாண்டுக்கு ஒருமுறை வரும் கடல் உயர்வு இரண்டையும் பெருக்கி, பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் சேர்ந்து வரும் என்று நினைப்பது தவறு. மழையையும் கடல் உயர்வையும் கொண்டுவருவது ஒரே புயல்.

முகத்துவார மணல் திட்டை வெள்ளமே அரித்துத் திறந்துவிடும் என்பார்கள். திறக்கும்தான், ஆனால் அதற்குச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் மேலே நீர் ஏறிவிடும். செப்டம்பரிலேயே வெட்ட வேண்டும். வெட்டிய மணலை வாயின் ஓரத்திலேயே குவித்தால் அலை திரும்பக் கொண்டுவந்து போடும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது மணல் தெற்கு நோக்கி நகர்வதால் வடபக்கக் குவியல் இன்னும் மோசம். துறைமுகத்துக்கு வடக்கே அரிக்கப்படும் ராயபுரம் பக்கக் கரைக்கு அதை லாரியில் கொண்டுபோகலாம்.

ஆற்றில் விழும் மழைநீர் வடிகால் வாய்களில் ஒருவழிக் கதவு இல்லாவிட்டால் ஆறு தெருவுக்குள் ஏறும். கதவு வைத்தாலும் ஒரு கட்டை, ஒரு பிளாஸ்டிக் மூட்டை சிக்கினால் மூடாது. அதனால் முன்னால் குப்பைத் தடுப்புக் கம்பி வேண்டும். கதவு மூடியபின் உள்ளே பெய்யும் மழைக்குப் போக்கிடம் கிடையாது: 1 சதுர கி.மீ.யில் மணிக்கு 5 செ.மீ. மழை என்றால் 50,000 கன மீட்டர். அதை இறைக்க மோட்டார் வேண்டும். மோட்டாரைத் தரைமட்டத்தில் வைத்தால் முதலில் மூழ்குவது அதுவே.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை; கீழே பெய்ததும் அந்த நீரோடு சேர்ந்தது. புயலுக்கு முன், கடல் தாழ்ந்திருக்கும்போதே வினாடிக்கு 5,000 கன அடி வீதம் இரண்டு நாள் விட்டால் 864 மில்லியன் கன அடி காலியாகும். ஏரியின் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவில் அது கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. குடிநீர் ஏரி என்பதால் தயக்கம் வருவது புரிகிறது. அந்தத் தயக்கத்தை எடைபோடவாவது, திறப்பு அறிவிப்பில் ஏரி மட்டத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த 48 மணி நேரத்து முகத்துவாரக் கடல்மட்டத்தையும் அச்சிடட்டும்.

நீரியல் பொறியாளர் ஒருவர்,
சென்னை