எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லாத மகளுக்கு

கடலூர்
4-1-2026

அன்புள்ள பாப்பா,

வரைவு வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இல்லை என்று போனில் சொன்னேன். "போனா போகட்டும்மா, நான் எப்படியும் போடறதில்லையே" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அப்பாவும் "விடு, பிள்ளைக்கு ஆயிரம் வேலை" என்கிறார். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடும், அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே, அந்த வசதி எனக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர் எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன். நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் திருத்தம் என்று பி.எல்.ஓ., அதாவது நம் வாக்குச்சாவடிக்கான பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர், வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார். பாவம், அங்கன்வாடி வேலையோடு இதையும் தலையில் கட்டியிருக்கிறார்கள். மூன்று படிவம் கொடுத்தார். உன் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். வெளியே இருப்பவருக்காக வீட்டில் உள்ள பெரியவர் போட இடம் இருந்தது. பக்கத்து வீடுகளில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். நான் போடவில்லை. "பெங்களூரில் வேலை, அங்கேதான் குடியிருக்கிறாள்" என்று உள்ளதைச் சொன்னேன். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். டிசம்பர் 19 அன்று வந்த வரைவில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் போயிருக்கின்றன. பாதிக்கும் மேற்பட்டவை இடம் மாறியவர்கள் கணக்கில் போனவை. அதில் நீயும் ஒருத்தி.

எனக்கு வருத்தம் அதில் இல்லை. பெங்களூரிலும் நீ பெயர் சேர்க்கவில்லை. ஆக இன்று இந்த நாட்டில் எந்த ஊர்ப் பட்டியலிலும் நீ இல்லை. அதை "போனா போகட்டும்" என்று நீ சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும் என்று போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டாய். 2016 சட்டமன்றத் தேர்தலில் எனக்கு டூட்டி காட்டுமன்னார்கோயில் தொகுதியில். அந்தத் தொகுதியில் தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். அவர் ஜெயித்திருக்க வேண்டும், கூடாது என்றெல்லாம் நான் சொல்லவில்லை, அது அந்தத் தொகுதிக்காரர்கள் பாடு. ஆனால் கணக்கைப் பார். இருநூறுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். சாவடிக்கு ஒரு ஓட்டுகூட இல்லை அந்த வித்தியாசம். நாங்கள் உட்கார்ந்திருந்த சாவடியில் மட்டும் "வெளியூர்", "வெளியூர்" என்று கட்சிகளின் ஏஜென்ட்டுகள் சொல்லச் சொல்ல எத்தனை பெயர் குறியில்லாமல் நின்றது என்று எனக்குத் தெரியும். 2021-லும் நம் மாவட்டத்தில் நெய்வேலி 977 ஓட்டில், விருத்தாசலம் 862 ஓட்டில் முடிந்தன. ஐ.டி. கம்பெனிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய இரண்டு பெரிய தெருக்கள் போதும் அதற்கு.

சரி, எல்லாத் தொகுதியிலும் இப்படி நடக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலான இடங்களில் ஆயிரக்கணக்கில்தான் வித்தியாசம் வரும். அப்போது உன் ஓட்டு யாரையும் ஜெயிக்க வைக்காது, தோற்கடிக்கவும் செய்யாது. இருந்தும் போ என்று நான் சொல்வதற்குக் காரணம் நான் வாக்குச்சாவடிக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தது.

டீச்சர் வேலையில் இருந்த வரைக்கும் தேர்தல் டூட்டி தப்பியதில்லை, உனக்குத் தெரியும். முதல் நாளே இயந்திரத்தோடும் சாமான் மூட்டையோடும் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். கொசுக்கடியில் பெஞ்சை இழுத்துப் போட்டுப் படுத்து, விடியும் முன் எழுந்து, ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, அதை அழித்துவிட்டு, சீல் வைத்துத் தொடங்குவோம். முதல் போலிங் ஆபீசர் வேலை எனக்கு அடிக்கடி விழும். வருபவரின் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் ஏஜென்ட் சொல்வதற்காகத்தான் உரக்கப் படிப்பது. ஆனால் அதே சத்தத்தில் ஒவ்வொரு ஏஜென்ட்டும் தன் கையிலிருக்கும் பட்டியலில் அந்தப் பெயரைக் கோடு போட்டுக்கொள்வான்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பார்க்க வேண்டும் நீ. கோடு விழாத பெயர்களை எண்ணி வெளியே சொல்லி அனுப்புவார்கள். "மீனவர் தெரு முடிஞ்சிடுச்சு. காலனிப் பக்கம் பாதி வரல." "காலனியை விடு, அவங்க வரமாட்டாங்க." இந்தக் கடைசி வார்த்தையை ஒரு கட்சி ஆள் மட்டும் அல்ல, எல்லாக் கட்சி ஆளும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள், பென்ஷன்காரர்கள், உன்னைப் போல வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கும் தெருக்களைப் பற்றித்தான் அந்தப் பேச்சு.

எண்ணி முடித்த பிறகு படிவம் 20 என்று ஒன்று வரும். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் வரிசையாக இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாவடி வாரியாகத் தெரியக்கூடாது, பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து எண்ண வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே ஒரு கருவிக்கு அனுமதி கேட்டது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரை செய்தது. இன்னும் வந்தபாடில்லை. அதனால் எந்தச் சாவடி சுறுசுறுப்பு, எந்தச் சாவடி தூங்குமூஞ்சி என்பதெல்லாம் அவர்கள் கையில் தாளாக இருக்கிறது. நீ யாருக்குப் போட்டாய் என்பது ரகசியம் பாப்பா. நீ வரவில்லை என்பது ரகசியமே கிடையாது.

உன் அறைத்தோழி ஓட்டுப் போடாமல் இருப்பதை எதிர்ப்பு என்று சொல்கிறாளாமே. எதிர்ப்பு என்றால் எதிரில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டாமா? யாரையும் பிடிக்கவில்லை என்றால் உச்ச நீதிமன்றம் சொல்லி 2013-லிருந்து நோட்டா இருக்கிறது. அது முதலிடம் வந்தாலும் அடுத்து நிற்பவர்தான் ஜெயித்தவர், பெரிய பல் ஒன்றும் இல்லை அதற்கு. ஆனாலும் உன் தெரு வந்தது, வந்து வேண்டாம் என்று சொன்னது என்று எண்ணிக்கையில் ஏறும். வீட்டில் படுத்துக்கொண்டு காட்டும் எதிர்ப்பை ஏஜென்ட் "காலனியை விடு" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான்.

காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பாய். கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலையே பணப் பிரச்சினையால் ரத்து செய்தார்கள். வாங்காதவர்கள் வீட்டில் இருந்துவிட்டால் வாங்கினவர்கள் ஓட்டுக்கு மதிப்புக் கூடும், அவ்வளவுதான். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இப்போது "யார் வந்தாலும் ஒண்ணுதான்" என்ற பேச்சுக்கு வருகிறேன். டில்லியிலும் கோட்டையிலும் யார் இருந்தாலும் ஒன்றா இல்லையா என்று உன் அப்பாவும் நானும் இத்தனை வருஷம் சண்டை போட்டும் தீர்ந்தபாடில்லை. தெருவில் யாருமே இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று மட்டும் நான் சொல்கிறேன், அதை நம் ஊர் அனுபவித்தது.

2015 நவம்பர் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். பத்திரிகையெல்லாம் கடலூர் கடலூர் என்றே இருந்தது. தெருவில் தண்ணீர் நின்ற அன்று கவுன்சிலர் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து நின்றார். பெரிய நல்லவர் என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல், வராமல் இருக்க முடியாது, வந்தார். அந்த 2016 அக்டோபர் தேர்தல் நீதிமன்ற வழக்கில் நின்றது. இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்று இழுத்து இழுத்து நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒரு ஆளே கிடையாது, அரசாங்கம் நியமித்த தனி அலுவலர்தான். 2020-ல் நிவர் புயலும் அதன் பின்னாலேயே புரெவியும் வந்தபோது நம் தெருவில் நின்ற தண்ணீருக்கு மனு எழுதிக்கொண்டு அலைந்தது நானும் அப்பாவும்தான். இந்த அறையில் கொடுத்தால் அந்த அறை, அந்த அறையில் கேட்டால் வேறு அலுவலகம். அலுவலரைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் அவரை அனுப்பவும் இல்லை, எடுக்கவும் முடியாது. நம்மிடம் அவருக்கு ஒரு காரியமும் இல்லை.

"தேர்தல் நடத்தாதது அரசாங்கத்தின் தப்பு, நான் ஓட்டுப் போடாததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பாய். சம்பந்தம் இருக்கிறது. அத்தனை வருஷம் தேர்தல் இல்லாமல் கிடந்தபோது மஞ்சக்குப்பத்திலோ புதுப்பாளையத்திலோ நம்மைப் போன்றவர்கள் வீட்டில் யாராவது அதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறாயா? ஓட்டுப் போட்டுப் பழகாதவர்களுக்குத் தேர்தல் வராததும் தெரிவதில்லை. அப்படியே 2022-ல் வந்தபோதும் சென்னையில் பாதிப்பேர்கூட சாவடிக்குப் போகவில்லை. நம் மாவட்டத்தையும் சேர்த்துப் பெரும்பாலான மாவட்டங்களில் கிராம ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் காலம் முடிந்து அங்கே மறுபடியும் தனி அலுவலர்கள்தான்.

இப்போது நீ இருக்கும் பெங்களூரைப் பார். தண்ணீர் லாரிக்கு எவ்வளவு கொடுத்தாய், ரோட்டுப் பள்ளத்தில் ஸ்கூட்டர் எப்படி விழுந்தது என்று வாரம் ஒரு கதை சொல்கிறாய். அங்கே மாநகராட்சி கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. 2025-ல் ஊரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள், அவற்றுக்கும் இன்னும் தேர்தல் நடக்கவில்லை. இது உனக்குத் தெரியுமா? 2023 சட்டமன்றத் தேர்தலில் கர்நாடகம் முழுக்க 73 விழுக்காடு ஓட்டுப் பதிவானபோது பெங்களூரில் 55-ஐ ஒட்டித்தான் இருந்தது. அந்த ஊர் ஏஜென்ட்டுகள் கன்னடத்தில் "காலனியை விடு" என்பதை எப்படிச் சொல்வார்களோ, நீதான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வட மாநிலங்களில் நிறையப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றுதான் சொன்னார்கள், அந்த வழக்கம் அப்படி. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை, சொந்தப் பெயர்தான் வேண்டும் என்றார். பெயர் கொடுக்காத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டூட்டியில் பெண்கள் பெயரை உரக்கப் படிக்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும். கிழவிகள் சிலர் தங்கள் பெயர் அத்தனை பேர் நடுவில் கேட்டதும் சிரிப்பார்கள், வீட்டில் யார் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்! அந்த 28 லட்சம் பேருக்கு வழக்கம் குறுக்கே நின்றது. உனக்கு மீட்டிங்.

ஆகவே செய்ய வேண்டியது இது. இங்கே மறுபடி சேர்க்கச் சொல்லி எழுதிவிடாதே. இங்கே பேருந்து பிடித்து வந்து என் தெருச் சாக்கடைக்கு நீ ஓட்டுப் போட வேண்டாம், அதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். ஆறு வருஷமாக நீ குடிக்கும் தண்ணீர், விழும் பள்ளம் எல்லாம் அங்கே இருக்கிறது, ஓட்டும் அங்கேதான் இருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் படிவம் 6 நிரப்பு. இங்கே பெயர் இருந்திருந்தால் இடமாற்றத்துக்குப் படிவம் 8 போதும், இப்போது நீக்கிவிட்டதால் 6. போட்டோ, வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் உன் பெயரில் இருக்கிறதா, தோழி பெயரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், பிரச்சினை வந்தால் அங்கேதான் வரும். அந்த ஊர் பி.எல்.ஓ. நேரில் பார்க்க வருவார், கதவைத் திற. கன்னடம் தெரியாது என்று பயப்படாதே, இத்தனை வருஷத்தில் காய்கறி வாங்கத் தெரிந்துகொண்டாயே, அது போதும்.

பொங்கலுக்கு வருவதற்குள் விண்ணப்ப எண்ணை எனக்கு அனுப்பிவிடு. நான் இங்கிருந்தே அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். அனுப்பாவிட்டால் வந்ததும் முதல் வேலை அதுதான், உன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். அப்பா உனக்குப் பனங்கிழங்கு சொல்லி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா