அந்தக் கரும்புள்ளி

அன்புள்ள அம்முவுக்கு,

"அப்பா, லாரன்ஸ் ஆஃப் அரேபியா போட்டேன். மணலா வந்துச்சு, தூங்கிட்டேன்" என்று நேற்று சொன்னாயே, எதில் பார்த்தாய் என்று கேட்டதற்கு வந்த பதிலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படுத்துக்கொண்டு, செல்போனில்!

திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஆனது. முதல் உலகப் போரில் அரபுகளோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்த ஆங்கிலேய அதிகாரி லாரன்ஸின் கதையை நான் பார்த்தது வீடியோ கேசட்டில். அகலமான படத்தை அந்தக் காலத்து டி.வி.க்குள் அடக்க, பக்கவாட்டில் வெட்டியிருந்தார்கள். ஐந்தில் இரண்டு பங்கு காட்சி போயே போய்விட்டது. கிணற்றடியில் லாரன்ஸ் நிற்பார். வெகுதொலைவில், கானலுக்குள் ஒரு கரும்புள்ளி நெளியும். அது மெல்ல ஒட்டகமாகி, மேலே ஓர் ஆளாகி, கடைசியில் நடிகர் ஓமர் ஷெரீஃபாக வந்து நிற்கும். அதற்காக ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங், தொலைவில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 482 மி.மீ. லென்ஸ் வைத்து எடுத்தார். கேசட்டிலோ புள்ளியே தெரியவில்லை. லாரன்ஸ் ஏன் சும்மா எதையோ வெறித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்போது ப்ளூ-ரேயில் பார்த்தேன். படத்தின் 50-வது ஆண்டில், 2012-ல் வந்த பதிப்பு. படம் பிடித்த மூல 65 மி.மீ. நெகட்டிவை 8கே என்ற மிக நுணுக்கமான தரத்தில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பாலைவன வெயில் பட்ட படச்சுருளில், காய்ந்த சேறு வெடித்தாற்போல நுண்ணிய கீறல்கள் இருந்தனவாம். அவற்றைக் கணினியில் அடைத்திருக்கிறார்கள். புள்ளி தெரிந்தது அம்மு. எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. 1962-ல் 222 நிமிடம் ஓடிய படத்தைக் கத்தரித்துக் கத்தரித்து, 1970 வாக்கில் 187 நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு ராபர்ட் ஹாரிஸ் என்பவர் வெட்டுப்பட்ட துண்டுகளைத் தேடிச் சேர்த்து, 1989-ல் படத்தைத் திரும்ப வெளியிட்டார். கிடைத்த துண்டுகள் சிலவற்றில் ஒலி இல்லை. எனவே லாரன்ஸாக நடித்த பீட்டர் ஓ'டூலையும் இன்னொரு நடிகரான அலெக் கின்னஸையும் மறுபடி கூப்பிட்டு, கால் நூற்றாண்டுக்கு முன்பு பேசிய அதே வசனங்களைப் பேச வைத்தார்கள். முதிர்ந்த தொண்டையை இளைய முகத்துக்குப் பொருந்தும்படி தொழில்நுட்பத்தால் சரிசெய்தார்கள். படத்தில் நடித்த ஜாக் ஹாக்கின்ஸ் அதற்குள் இறந்துவிட்டார். அவருக்குக் குரல் கொடுத்தவர் சார்ல்ஸ் கிரே. எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்று இரண்டு முறை உற்றுக் கேட்டேன். என் காதுக்குப் பிடிபடவில்லை.

வரலாறாக இதை அப்படியே நம்பிவிடாதே. நிஜ லாரன்ஸ் குள்ளமானவர், ஓ'டூல் ஆறடிக்கு மேல். படத்தில் லாரன்ஸ் கைப்பற்றும் அகபா துறைமுக நகரம் ஸ்பெயின் கடற்கரையில் போட்ட செட். காசிம் என்பவனைப் பாலைவனத்தில் தேடிப் போய் லாரன்ஸ் காப்பாற்றுவார் (அதில் நடித்தவர் நம் இந்தி நடிகர் ஐ.எஸ். ஜோஹர், தெரியுமா?). பிறகு அவனையே சுட்டுக் கொல்ல நேரும். நீ தூங்கிவிட்டதால் கதையைச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் லாரன்ஸ் தன் நூலில் எழுதியிருப்பது வேறு: காப்பாற்றியது ஒருவனை, சுட்டது இன்னொருவனை. இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டியது படத்தின் வேலை. பொய்தான். ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு வயிறு பிசைந்தது.

டிஸ்கை உனக்கு அனுப்பப் போவதில்லை. அனுப்பினால் உறை பிரியாமல் அலமாரியில் கிடக்கும். அடுத்த விடுமுறைக்கு வரும்போது சேர்ந்து பார்ப்போம். இடைவேளையோடு மூன்றே முக்கால் மணி நேரம், இப்போதே சொல்லிவிட்டேன். தொடங்கியதும் நாலு நிமிடம் போல இசை மட்டும்தான் வரும், திரையில் ஒன்றும் இருக்காது. டிஸ்க் கெட்டுப்போச்சு என்று ரிமோட்டை எடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா