மேளம் வரும் இடம்

ரங்கூன்
ஞாயிறு, விடியற்காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அம்மா, தங்கச்சி, நான் மூவரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதைச் சித்தப்பா சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாலாம் மாடிப் பெரியவரின் பேரன் புதன்கிழமை சென்னைக்குப் புறப்படுகிறான். இந்தக் கடிதமும் அம்மா கட்டும் பொட்டலமும் அவன் கையில் வரும். ஊறவைத்த தேயிலை, வறுத்த பயறு, பொரித்த பூண்டு எல்லாம் தனித்தனியாகக் கட்டியிருக்கிறாள். பிசைவதற்கு எலுமிச்சம்பழம் மட்டும் நீ வாங்கிக்கொள். நாப்பி மீன் விழுது வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், அவன் பெட்டி முழுக்க வாடை ஏறிவிடும். வேளைக்குச் சாப்பிடு. வியாசர்பாடிக்குப் போனால் சித்தி சோறு போடாமல் அனுப்ப மாட்டாள். ஞாயிற்றுக்கிழமையாவது போய் உட்கார்.

மூன்று மாதமாக உன் குரலைக் கேட்கவில்லை. ஐந்தாறு தடவை போன் போட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. வேலை இருக்கும், தெரியும். தங்கச்சிக்கு மட்டும் ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரு வரி அனுப்புகிறாய். அவள் அதை அம்மாவிடம் காட்டுகிறாள், அம்மா என்னிடம் வந்து சொல்கிறாள். பெற்ற பிள்ளையின் சேதி இப்படிச் சுற்றிக்கொண்டா வர வேண்டும்?

சித்தப்பா போன வாரம் பேசும்போது உன் வேலையைப் பற்றி என்னவோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான். நானும் தோண்டவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் எழுத உட்கார்ந்தது ஹெர்மனைப் பற்றி. நேற்று ராத்திரி அலமாரியில் வேறு எதையோ தேடும்போது அந்த ரிகார்டு கையில் பட்டது. பான்சோடான் நடைபாதையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோமே, அதுதான். மழைக்குப் பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைத்திருந்தார் கடைக்காரர். உனக்கு ஒன்பது வயது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அட்டையில் ‘நடத்துபவர் பெர்னார்ட் ஹெர்மன்’ என்று பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். ஹிட்ச்காக்கின் சைக்கோ படத்துக்கு இசை போட்டவர் இங்கே வேறு யாருடைய சிம்பொனியையோ நடத்துகிறாரே என்று. இரண்டு ரேடியோ ரிப்பேர் செய்த காசை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். அம்மா அன்றைக்கு என்னிடம் பேசவில்லை.

அந்த சிம்பொனி முடிகிற இடத்தில் நீ பயந்துபோய் என்னைப் பார்த்தாய். ஊர்ப் பாட்டெல்லாம் குதித்துக்கொண்டு ஓடி வந்து, கடைசி அடியில் பதினொரு சுரம் ஒன்றாக மோதிக் கரகர என்று நின்றுவிடும். ஊசிதான் வழுக்கிவிட்டது என்று நான் முள்ளைத் தூக்கித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே அடி. எழுதியவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. நீ அன்றைக்கே சொன்னாய்: “அப்பா, தீமிதி அன்னிக்கு நம்ம மேளமும் பக்கத்துத் தெரு பாண்டும் ஒண்ணா வந்த மாதிரி இருக்கு.” பிற்பாடு படித்தேன், அந்த சிம்பொனியை எழுதிய சார்லஸ் ஐவ்ஸின் அப்பாவும் பாண்டு வாத்தியக்காரராம். ஊரில் இரண்டு பாண்டுகளை எதிரெதிரே நடக்கவிட்டு, நடுவில் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பாராம். யாரும் சொல்லாமலே உனக்கு அது கேட்டிருக்கிறது. அதை நான் இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா.

ஐவ்ஸ் பகலில் இன்சூரன்ஸ் கம்பெனி நடத்தியவர். ராத்திரியும் லீவு நாளும்தான் இசை. 1922ல் தன் பாட்டுகள் 114ஐயும் கைக்காசில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். வாங்கிப் புரட்டியவர்கள் கொஞ்சம், பாடியவர்கள் அதிலும் கொஞ்சம். ஹெர்மன் இளவயதிலேயே அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இருபது வயதை ஒட்டியே சொந்தமாக ஒரு வாத்தியக் குழு சேர்த்தார். 1934ல் சி.பி.எஸ். என்ற அமெரிக்க ரேடியோவில் சேர்ந்தார், பிறகு அங்கே சிம்பொனிக் குழுவுக்கே தலைமை நடத்துநர் ஆனார். சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் தெரிந்ததையே வாசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஐவ்ஸ், மியாஸ்கோவ்ஸ்கி, ரப்ரா, ஃபின்சி என்று அமெரிக்காவில் பலபேருக்குப் பெயர்கூடத் தெரியாதவர்களை எடுத்து வாசித்தார். ரேடியோக்காரன் நான் சொல்கிறேன், அது பெரிய காரியம். திருப்பினால் அடுத்த ஸ்டேஷன் போய்விடும் என்று தெரிந்தும், கேட்டுப் பழகாத ஒன்றைக் காற்றில் விடுவதற்கு நெஞ்சு வேண்டும்.

நாம் வாங்கிய அந்த இரண்டாம் சிம்பொனியை ஐவ்ஸ் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டார். முதல்முறை மேடை ஏறியது 1951ல், பெர்ன்ஸ்டைன் நடத்தினார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் தாள் தாளாகவே கிடந்திருக்கிறது. எழுதியவருக்கு அப்போது 76 வயது. அரங்கத்துக்குப் போகவில்லை, ரேடியோவில்தான் கேட்டார். 1972ல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து ஹெர்மன் அதைப் பதிவு செய்தார். ஐவ்ஸ் போய்ச் சேர்ந்து 18 வருஷம் ஆகியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1966ல் ஹிட்ச்காக்கின் டோர்ன் கர்ட்டன் படத்துக்கு ஹெர்மன் எழுதினார். ஸ்டூடியோவுக்கு விலைபோகிற மாதிரி நவநாகரிக மெட்டு வேண்டியிருந்தது. இவர் படத்துக்கு எது சரி என்று பட்டதோ அதை எழுதினார். ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ஹிட்ச்காக் வந்து கேட்டார், நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்தப் படத்துக்கு வேறொருவர் இசை போட்டார். ஹெர்மன் பதினோரு வருஷம் ஹிட்ச்காக்கின் கூடவே இருந்தவர். சைக்கோவின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொன்னதை மீறி எழுதிக் காட்டி, அவரையே ஒப்புக்கொள்ள வைத்தவர். அவருக்கே அப்படி நடந்தது. அதற்கப்புறம் இருவரும் சேர்ந்து வேலை செய்யவில்லை.

ஆனால் அதே 1966ல் திரூஃபோ என்ற பிரெஞ்சுக்காரர் கூப்பிட்டுப் படம் கொடுத்தார். எட்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய தன் ஓபராவை, மேடையேற்ற ஆள் இல்லாத அந்த ஓபராவை, அந்த வருஷம்தான் ஹெர்மன் சொந்தப் பணத்தில் பதிவு செய்தார். லண்டனுக்குக் குடிபோனார். 1970ல் ராஃப் என்ற மறந்துபோன மனுஷருடைய சிம்பொனியைப் பதிவு செய்தார், பிறகு நம் ஐவ்ஸ். தன் இசையை மற்றவர்கள் தூக்கிப் போட்ட பிறகும் அடுத்தவன் இசையைத் தூக்கிப் பிடித்தவர். 1975 டிசம்பரில் கடைசிப் படத்தின் ஒலிப்பதிவை முடித்துவிட்டுப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. 64 வயது.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசிக்க வேண்டாம். ரிகார்டு கையில் பட்டது, எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி முழுக்க காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காராதே, காது போனால் உனக்கு எல்லாம் போச்சு. இங்கே எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். அந்த சீரியலில் உன் பெயர் வந்ததை அம்மா நிறுத்தி வைத்து மாடி மாடியாகக் காட்டினாள். கோயில் பெரியவர்கூட “நம்ம ரங்கூன் பிள்ளை” என்கிறார். பேர் வந்தால் போதுமா, பெற்றவளுக்கு ஒரு போன் செய்ய வேண்டாமா? அவள் பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள், எதற்கென்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். தங்கச்சியின் பேப்பர் விஷயம் இன்னும் இழுக்கிறது, அதைப் பற்றி இதில் எழுத வேண்டாம். எலுமிச்சம்பழம் வாங்க மறக்காதே.

சரி. எழுத வந்ததை எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாட்டோன் மாமா பையனிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்பினாய். உன் சொந்த இசை, எந்தப் படத்துக்காகவும் இல்லை, பதினாலு நிமிஷம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றாய். நான் அதைக் கடை மேசையில் ஃபியூஸ் போட்டு வைக்கும் தகர டப்பாவில் வைத்தேன். அன்றைக்குக் கரண்ட் இல்லை. மறுநாள் இன்வெர்ட்டர் வேலை நாலு வந்தது. அப்புறம் ஒவ்வொரு நாளாகப் போய்விட்டது. நீ போனில் கேட்டாய், “அப்பா, மேளம் வர்ற இடம் சரியா இருந்துச்சா?” நான் உடனே, “பிரமாதம்டா, மேளம் அங்கே வந்ததுதான் உயிரு” என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. “சரிப்பா” என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் உன் பாட்டைப் பற்றி நீ என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

நேற்று ராத்திரி அலமாரியில் தேடியது அந்த டப்பாவைத்தான். கீழே கடைக்குப் போய், பேட்டரியில் சின்ன ஆம்ப்ளிஃபையரை வைத்துப் போட்டேன். முழுக்கக் கேட்டேன். மேளம் இல்லை. குழல் இல்லை. வயலின், வயோலா, செல்லோ, தந்தி மட்டும்தான். சைக்கோவுக்கு ஹெர்மன் தந்தியை மட்டும் வைத்து எழுதினார், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஓசை வேண்டும் என்று சொன்னார் என உனக்குச் சொன்னவனே நான். அதை மனதில் வைத்து நீ எனக்குச் செய்து அனுப்பியிருக்கிறாய். நான் அதில் மேளம் கேட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்காத இசையைக் கேட்க வைத்தவர் என்று ஹெர்மனை ஊரெல்லாம் புகழ்ந்த வாயால் உன்னிடம் பொய் சொன்னேன். தப்பு என்னுடையது தம்பி. மன்னித்துக்கொள்.

இரண்டாம் தடவையும் போட்டேன். தொடக்கத்தில் வயலின்கள் ஒன்றையொன்று துரத்துகிற இடம் நீளம், இரண்டு சுற்றுக் குறைத்திருக்கலாம். அது என் அபிப்பிராயம். ஏழாம் நிமிஷத்தில் எல்லாம் ஓய்ந்து வயோலா தனியாக இறங்குகிறதே, அங்கே எனக்கு ஆயா ஞாபகம் வந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்பதாம் நிமிஷத்தில் செல்லோ அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடவே இல்லை. எங்கேயோ கேட்ட சுரம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது மணி மூன்று, கரண்ட் வந்தது. மேலே அம்மா மோட்டார் போட எழுந்த சத்தம். மேசைக்கு அடியில் நம் பச்சை டிரான்ஸ்பார்மர் உறும ஆரம்பித்தது. உன் செல்லோவும் அதுவும் ஒரே சுருதி. எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியவில்லை. சின்ன வயதில் அந்த மேசைக்கு அடியில்தான் நீ தூங்குவாய்.

அது அந்த டிரான்ஸ்பார்மர்தானா? இதற்கு மட்டுமாவது போன் செய்து சொல். ராத்திரி எந்நேரமானாலும் சரி, எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா